கோவையில் 14,000 வாடகையா, 7 லட்சம் போக்கியமா?

திருநெல்வேலியிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலை மாறி வரும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் வரும் சம்பளம் 42,000. மனைவி, 4 வயது மகள். அலுவலகம் சரவணம்பட்டியில். அங்கே 2 படுக்கையறை அபார்ட்மெண்ட் ஒன்றுக்கு வாடகை 14,000, அட்வான்ஸ் 10 மாதம், அதாவது 1,40,000 கேட்கிறார்கள். அதே பகுதியில் இன்னொருவர், "7 லட்சம் கொடுங்க, 3 வருசத்துக்கு வாடகையே வேண்டாமுங்க, போகும்போது முழுசா திருப்பித் தர்றேன்" என்கிறார். அப்பா நிலம் விற்ற பணம் வங்கியில் இருக்கிறது. எது லாபம்?

லாபம் என்ற சொல்லில் கேள்வி முடிந்தாலும், இதில் இரண்டு கவலைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்தச் சம்பளத்தில் கோவையில் குடும்பம் நடத்த முடியுமா என்பது ஒன்று. அப்பாவின் பணத்தைத் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கலாமா என்பது இன்னொன்று. நான் இந்த ஊரில் 17 வருடமாக சிவில் வழக்கறிஞர். வாடகை ஒப்பந்தம் எழுதுவதும், எழுதாமல் விட்டதால் வந்த சண்டைகளைத் தீர்ப்பதும் என் பிழைப்பில் பெரிய பங்கு. அதற்கு முன்பும் பின்பும் நானே 5 வாடகை வீடுகளில் இருந்திருக்கிறேன். சட்டம் பற்றி இங்கே சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். வாடகைத் தொகைகள் என் மேசைக்கு வரும் ஒப்பந்தங்களை வைத்துச் சொல்வது. அடுத்த தெருவிலேயே 2,000 கூடக் குறைய இருக்கலாம், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போக்கியம். உங்கள் ஊரில் ஒத்தி என்பீர்கள், சென்னையில் லீஸ் என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். கணக்குப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். 7 லட்சத்தை வங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 3,800 கிடைக்கும். அதை விட்டுக்கொடுத்து 14,000 வாடகையை மிச்சம் பிடிக்கிறீர்கள். மாதம் 10,200, மூன்று வருடத்தில் 3,67,000. சின்னத் தொகை இல்லை.

இப்போது அதே கணக்கை வீட்டுக்காரர் பக்கம் இருந்து போடுங்கள். வருடத்துக்கு 1,68,000 வாடகை வரவேண்டிய வீட்டை அவர் 7 லட்சத்துக்காக விட்டுக்கொடுக்கிறார். வட்டியாகப் பார்த்தால் வருடத்துக்கு 24 சதவீதம். நம் பேச்சில் சொன்னால் ரெண்டு வட்டி. சொந்தமாக வீடு வைத்திருப்பவர், அதை வங்கியில் அடமானம் வைத்தாலே 10, 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கலாம். அப்படியிருக்க, ஏன் ரெண்டு வட்டிக்கு உங்களிடம் வாங்குகிறார்? பெரும்பாலும் வங்கி அவருக்குக் கொடுக்காது என்பதால்தான். ஒன்று, வீடு ஏற்கனவே அடமானத்தில் இருக்கும். இல்லை, பத்திரத்தில் சிக்கல் இருக்கும், அங்கீகாரம் இல்லாத கட்டடமாக இருக்கும், பழைய கடன் தவணை தவறியிருக்கும். எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். மகள் கல்யாணத்துக்காகவோ மாடி கட்டி முடிக்கவோ போக்கியத்துக்கு விட்டு, சொன்ன தேதியில் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு அந்த மனிதரைத் தெரியாது, ஊரும் புதிது.

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கும் ஏற்பாடு சுவாதீன அடமானம். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58, 59ஆம் பிரிவுகள்படி, அதை எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அடமானமாக நிற்கும். நடப்பில் 100க்குத் 90 பேர் பதிவு செய்வதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை. என்னிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, தெரிந்த இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துக்கொண்டவர்கள்தான். பத்திரச் செலவு பல ஆயிரம் ஆகும் என்று வீட்டுக்காரர் சொல்வார், நமக்கும் அந்தச் செலவு வீண் என்று தோன்றும். தகராறு வந்தால் அந்தத் தாள் "இவருக்கு இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்பதற்கு ஆதாரமாகுமே தவிர, வீட்டின் மேல் உரிமை எதையும் உங்களுக்குத் தராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். 5 லட்சம் போக்கியம் கொடுத்து ஒன்றரை வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் கேட்டில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அவர்கள் குடிவருவதற்கு முன்பே வீடு அடமானத்தில் இருந்திருக்கிறது, தவணை கட்டவில்லை, 2002ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்த வந்துவிட்டது. முதல் உரிமை வங்கிக்கு. இவர்கள் காலி செய்யவேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டோம், தீர்ப்பும் கிடைத்தது. ஆனால் தீர்ப்பு கையில் இருப்பது வேறு, பணம் கையில் வருவது வேறு. வீடே போன மனிதரிடம் எதை ஜப்தி செய்வது?

இவ்வளவு சொல்லியும் போக்கியம்தான் வேண்டும் என்றால், இரண்டு வேலை செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல் பாருங்கள், 30 வருடத்துக்கு. அதோடு நின்றுவிடாதீர்கள். தனியார் பைனான்சில் ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பதிவு எதுவும் இல்லாமல் கடன் வாங்கியிருந்தால் வில்லங்கத்தில் அது தெரியாது. ஆகவே ஒரிஜினல் கிரயப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். "லாக்கர்ல இருக்குங்க, ஜெராக்ஸ் தர்றேன்" என்று சொன்னால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினலைக் காட்டி, பதிவுக்கும் சம்மதிக்கிறார் என்றால் அப்புறம் பேசலாம்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாடகைக்குத்தான் போவேன். அதனால் அப்பாவின் பணத்தைத் தொடவே கூடாது என்று இல்லை. அட்வான்ஸைப் பேசி 5 மாதமாக, 70,000க்குக் கொண்டுவந்தீர்கள் என்று வையுங்கள். மீதி 6,30,000 வைப்பில் இருந்தால் மாதம் 3,400 வட்டி வரும். அதை வாடகைக்குத் திருப்பினால் உங்கள் சம்பளத்திலிருந்து போவது 10,600தான். அப்பாவின் நிலம் மாதாமாதம் வாடகையில் கால் பங்கைக் கட்டுகிறது, அசலும் பத்திரமாக இருக்கிறது. ஒரே வங்கியில் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு.

42,000 போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வாடகை மட்டும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அது தாங்கக்கூடியதுதான் என்று தோன்றும். ஆனால் அபார்ட்மெண்ட் என்றால் பராமரிப்பு 1,500 தனி. கரண்ட், குடிதண்ணீர் கேன், இணையம் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,800. மொத்தம் 17,300, சம்பளத்தில் 100க்கு 41. அந்த 3,400 வட்டி உதவினால்தான் இது 33க்கு இறங்குகிறது. அந்த வட்டி இல்லாத ஒருவர் இதே சம்பளத்தில் கேட்டிருந்தால், அபார்ட்மெண்டை விட்டுவிட்டு 9,000, 10,000க்குத் தனி வீட்டின் மாடிப் போர்ஷனோ லைன் வீடோ பாருங்கள் என்றிருப்பேன். லிஃப்ட் இருக்காது, பராமரிப்புத் தொகையும் இருக்காது. உங்களுக்கும் அது மோசமான யோசனை இல்லை.

வாடகை குறைவாக இருக்கிறது என்று வெகுதூரம் போவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வடவள்ளியில் 3,000 குறைவு என்று வையுங்கள். அங்கிருந்து சரவணம்பட்டிக்கு ஒரு வழி 15 கிலோமீட்டருக்குக் குறையாது. மாதம் 24 நாள் போய்வந்தால் 720 கிலோமீட்டர், பைக்குக்கு 16 லிட்டர் பெட்ரோல், ஏறத்தாழ 1,600 ரூபாய். மிச்சம் 1,400. அதற்காகத் தினம் ஒன்றரை மணி நேரம் புகையில் நிற்கவேண்டும். உங்கள் அலுவலகத்துக்கு கணபதி, சின்னவேடம்பட்டி, விளாங்குறிச்சி, காளப்பட்டி பக்கம் பாருங்கள். துடியலூரிலிருந்தும் வெள்ளக்கிணர் வழியாகச் சாலை இருக்கிறது. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்ததைச் சொல்லி, "இனிமே எங்கிருந்தும் பத்து நிமிசம்" என்று புரோக்கர் அளப்பார். உங்கள் வழி சத்தி சாலை, அதற்கும் அந்தப் பாலத்துக்கும் சம்பந்தமில்லை. மகளுக்கு அடுத்த வருடம் பள்ளி. பள்ளியை முடிவு செய்துவிட்டு வீடு தேடுவது நல்லது. வேன் கட்டணம் சில இடங்களில் வாடகை வித்தியாசத்தையே தின்றுவிடும்.

இனி அட்வான்ஸ். 3 மாதத்துக்கு மேல் வாங்குவது குற்றம் என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 1960ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் புதிய சட்டம் கொண்டுவந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 11ஆம் பிரிவு 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அதே வரியின் தொடக்கத்தில், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் என்றும் இருக்கிறது. நீங்களாக 10 மாதத்துக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அப்புறம் 3 மாதம் என்று பேச முடியாது. ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள், வீடு கிடைக்காது. "தமிழ்நாட்டுச் சட்டம் 3 சொல்லுதுங்க, ஊர் வழக்கம் 10ங்கிறீங்க, நடுவுல 5 வச்சுக்கலாமா" என்று பேச்சைத் தொடங்க அது உதவும். சட்டத்தில் உங்களுக்கு உண்மையில் பயன்படும் வரி அதற்கு அடுத்தது: காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும். "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், தொகையை ஒப்பந்தத்தில் எழுத்தாலும் எண்ணாலும் எழுதச் சொல்லுங்கள்.

பெயிண்ட் விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நானே அடிபட்டவன். வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் இருந்தேன். 40,000 அட்வான்ஸில் காலி செய்யும்போது 22,000 பிடித்துக்கொண்டார்கள். பெயிண்ட், குழாய், சமையலறை மேடையில் விரிசல். அந்த விரிசல் நான் குடிபோகும்போதே இருந்தது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து சாவி வாங்கும் அன்றே, சாமான் இறக்குவதற்கு முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அதை வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடச் சொல்கிறேன். 2017 சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயிண்ட், தண்ணீர் பைப் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஸ்விட்ச், பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதினால் மாறும். "காலி செய்கையில் ஒரு மாத வாடகை பெயிண்டுக்குப் பிடிக்கப்படும்" என்ற வரி அச்சடித்த படிவங்களிலேயே இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் பாருங்கள். அந்த வரியை அடித்துவிடச் சொன்னால் சில பேர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். 2 வருடத்துக்குள் காலி செய்தால் மட்டும் என்றாவது மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குப் போடுவது இன்னும் பழக்கமாக இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் போனால் சார்பதிவாளரிடம் பதிவு செய்யவேண்டும் என்பதைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. இப்போது 11 மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து எண் வாங்கவேண்டும் என்பது சட்டம். அதற்கு அரசு இணையதளம் இருக்கிறது. பலர் செய்வதில்லை. வீட்டுக்காரர் தயங்கினால், பிற்காலத்தில் உங்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்கும் அதுதான் ஆதாரம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சு எடுபடும். வரிக்கணக்குக்காக வாடகை ரசீது கேட்டு அலையவேண்டாம். உங்கள் சம்பளத்துக்கு இப்போதைய புதிய முறையில் வருமான வரியே வராது.

தண்ணீர். கோவைக்கு வருபவர்கள் சிறுவாணியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள். வீடு காட்டுபவரும் "சிறுவாணித் தண்ணிங்க" என்பார். ஊரின் பல பகுதிகளுக்கு வருவது பில்லூர் அணைத் தண்ணீர். அதுவும் நல்ல தண்ணீர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் கேட்கவேண்டியது எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணி நேரம், கீழ்த் தொட்டியில் எவ்வளவு பிடித்து வைக்கலாம் என்பது. மீதி நாளுக்கு போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். அதை வாயில் ஊற்றிப் பாருங்கள், குளியலறைக் குழாயின் மேல் வெள்ளைப் படிவு எவ்வளவு என்று பாருங்கள். கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் "அதெல்லாம் வத்தாதுங்க" என்றுதான் வரும்.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், 500ஐத் தாண்டினால் கணக்கே மாறும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் அந்த இலவசம் ஒரு முறைதான் கிடைக்கும், மேல் படிக்கும் சீக்கிரம் ஏறிவிடுவீர்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 10 என்று வாங்கும் வீடுகளில் வாடகை 500 குறைவு என்பதற்கு அர்த்தமே இல்லை.

தேடுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இணையத்தில் விலை நிலவரம் தெரிந்துகொள்ளலாம், நல்ல வீடுகள் பல அங்கே வருவதே இல்லை. வீட்டுக்காரர் கேட்டில் ஒரு டூலெட் அட்டை தொங்கவிடுவார், தெரு முனை மளிகைக்கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் சொல்லி வைப்பார், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். சனி, ஞாயிறு காலையில் பைக்கில் தெருத் தெருவாகச் சுற்றுங்கள், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு. குடும்பமாக வந்து கேட்டால் கதவு திறக்கும் விதமே வேறு. புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டேன், டோக்கன் தொகை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி. வீட்டுக்குள் நின்று பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

"எந்த ஊருங்க" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேலும் துருவுவார்கள். கறி சமைப்பீங்களா என்பார்கள். அந்த விசாரிப்பு எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு சாக்குச் சொல்லி மறுத்துவிட்டால் நீதிமன்றத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. எனக்கும் இதற்கு மருந்து தெரியவில்லை. வெளியூர் வேலைக்காரர்கள் அதிகம் குடியிருக்கும் பெரிய அபார்ட்மெண்டுகளில் இது சற்றுக் குறைவு என்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கடைசியாக, இப்போது ஆனி மாதம். "ஆடி பிறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிருங்க தம்பி, நாலு பேரு கேட்டுட்டு இருக்காங்க" என்று இரண்டு பக்கமும் உங்களை அவசரப்படுத்துவார்கள். பள்ளி திறந்து குடும்பங்கள் எல்லாம் இடம் மாறி முடிந்துவிட்டன. ஆடியில் பெரும்பாலோர் குடிபோக மாட்டார்கள். இப்போது காலியாக இருக்கும் வீடு ஆகஸ்ட் நடுவரை காலியாகத்தான் கிடக்கும் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். உங்களுக்கு ஆடி ஒரு பொருட்டில்லை என்றால், முதல் வாரத்தில் போய் அந்த 14,000 வீட்டையே மறுபடி கேளுங்கள். வாடகையில் 500 குறைத்தால் நல்லது. குறைக்காவிட்டாலும் அட்வான்ஸை 70,000க்குக் கொண்டுவாருங்கள். ஆடியில் பால் காய்ச்ச வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள் என்றால், விலை பேசி முடித்துவிட்டு ஆனி கடைசியில் ஒரு நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சிவிட்டு, சாமானை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். என் மனைவி அப்படித்தான் செய்தாள்.